கண்ணு, உன் கொள்கையில ஜமாபந்தி எங்கே?

படிச்சுப் பாரு தாத்தான்னு நீ வெச்சுட்டுப் போன காகிதத்தைப் படிச்சு முடிச்சேன் கண்ணு. நல்ல வழவழத் தாளு, தலைப்புல உங்க யுனிவர்சிட்டி முத்திரை, உள்ளே பதினாலு பக்கத்துக்குக் குத்தம் சொல்ல முடியாத இங்கிலீஷு. அந்த பாஷை எனக்குக் கொஞ்சம் நொண்டும். ஆனா ஆபீஸ் காகிதம் எந்த பாஷையில இருந்தாலும், அதுல என்ன எழுதியிருக்கு, எதை எழுதாம நழுவியிருக்காங்கன்னு மோந்து பாத்தே சொல்லிடுவேன்.

வாத்தியாருங்க எழுதற ஆராய்ச்சிக் கட்டுரை, பசங்க எழுதற தீசிஸு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஒரே இடத்துல சேத்து வெக்கணும். உலகத்துல எந்த மூலையில இருந்து யாரு கேட்டாலும் காசு வாங்காம காட்டணும். அதுக்கு ரெப்பாசிட்டரின்னு, தமிழ்ல களஞ்சியம்னு பேரு. அதுக்குக் கொள்கை எழுத உங்க துணைவேந்தர் ஒரு கமிட்டி போட்டிருக்காரு, லைப்ரரியில இருந்து உன்னைச் சேத்திருக்காரு, வியாழக்கிழமை கூட்டம். சரிதானே?

ரொம்ப அருமையா எழுதியிருக்கீங்க. ஒரு எழுத்து மாத்தாதீங்க. இதை இப்படியே பாஸ் பண்ணீங்கன்னா, உங்க ரெப்பாசிட்டரிக்குள்ள ஈ காக்கா எட்டிப் பாக்காதுன்னு நான் பத்து ரூபா பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.

சிரிக்காதே. நான் கர்ணம் வீட்டுப் பிள்ளை. 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். ஒரே அவசரச் சட்டத்துல பரம்பரை மணியக்காரர், கர்ணம் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினாரே, அன்னிக்கு வரைக்கும் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக் கணக்கு எங்க கையிலதான் இருந்தது. அப்போ அது தர்மபுரி ஜில்லா. அடங்கல், சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம்னு காகிதத்துக்கு நடுவுலயே பொறந்து வளந்தவன். ஒரு காகிதத்தை எப்படி வெச்சா ஊருக்கு உதவும், எப்படி வெச்சா எவன் கண்ணுக்கும் அகப்படாதுன்னு ரெண்டு வித்தையும் எனக்குத் தெரியும். உங்க கமிட்டி அந்த ரெண்டாவது வித்தையில எங்கப்பாவையே தோக்கடிச்சிடும் போலிருக்கு.

மூணாம் பக்கத்தை எடு. 'ஆசிரியர்கள் தங்கள் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்க்குமாறு ஊக்குவிக்கப்படுகிறார்கள்.' ஆகா. நில வரி கட்டுமாறு குடியானவர்கள் ஊக்குவிக்கப்படுகிறார்கள்னு வெள்ளைக்காரன் எழுதியிருந்தா, அவன் எந்த வருஷத்துல மூட்டை கட்டியிருப்பான்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.

ஜமாபந்தி தெரியுமா உனக்கு? பசலிங்கற வரிக்கணக்கு ஆண்டு முடியற சமயத்துல, வருஷத்துக்கு ஒருக்கா, சப்-கலெக்டரோ ஆர்.டி.ஓ.வோ தாலுகா ஆபீஸ்ல வந்து உக்காருவாங்க. ஒவ்வொரு ஊரு கர்ணமும் தன் கணக்கைத் தலையில சுமந்துட்டுப் போய் மேசை மேல விரிக்கணும். ஒரு கலம் காலியா இருந்தா ஏன்னு கேப்பாங்க. ஒரு சர்வே நம்பர் விட்டுப் போச்சுன்னா எல்லாரு எதிருலயும் வாங்கிக் கட்டிக்கணும். அந்த ஒரு நாளுக்காகத்தான் வருஷம் பூரா எழுதினோம் கண்ணு. ஊரு மேல பிரியம் பொங்கி எழுதலை. ஜமாபந்திக்கு முந்தின வாரம் எங்க வீட்டுத் திண்ணையில லாந்தர் அணையாது. மத்த நாளுல மைக்கூடு காஞ்சு கெடக்கும்.

உன் காகிதத்துல நான் தேடினது அந்த ஒண்ணைத்தான். பதினாலு பக்கத்துலயும் இல்லை. தொலைநோக்கு இருக்கு, குறிக்கோள் இருக்கு, அறிவுச் சமூகம் இருக்கு. யாரு, எந்தத் தேதியில, எந்த மேசை மேல விரிச்சுக் காட்டணும்? காட்டலைன்னா என்ன ஆகும்? அதைக் காணோம்.

நான் சொல்றது பொய்யான்னு உங்க தீசிஸு பக்கம் பாரு. யு.ஜி.சி. 2009-ல ஒரு விதி போட்டாங்க. பிஎச்.டி. தீசிஸோட மென்பிரதியை அனுப்பணும், காந்திநகர்ல இருக்கற இன்ஃப்ளிப்நெட் அதை சோத்கங்காவுல எல்லாருக்கும் காட்டும்னு. 2016 விதியில இன்னும் இறுக்கினாங்க: பட்டத்தை அறிவிக்கறதுக்கு முன்னாடியே தீசிஸு அங்க போய்ச் சேந்திருக்கணும். அனுப்பலைன்னா பேருக்கு முன்னாடி டாக்டர் போட முடியாது. அவ்வளவுதான். லட்சக்கணக்குல தீசிஸு வந்து குவிஞ்சு கெடக்கு. அந்தப் பிள்ளைங்களுக்கு அறிவைப் பரப்பணும்னு ஆசை வந்துடுச்சுன்னு நெனைக்கறியா? பட்டம்னு ஒரு ஜமாபந்தி எதிருல நிக்குது.

அதே டிபார்ட்மெண்ட்ல அந்தப் பையனுக்கு கைடா இருக்கற புரொபசர் எழுதின கட்டுரை எங்கே? அதுக்கு யாரும் தேதி வெக்கலை. பையன் கழுத்துல கயிறு, பெரியவரு கழுத்துல மாலை. உங்க கமிட்டியில பசங்க எத்தனை பேரு, பெரியவங்க எத்தனை பேருன்னு நான் கேக்கலை.

பெல்ஜியத்துல லியேஜ்னு ஒரு ஊரு இருக்காம். நீதான் போன வருஷம் சொன்னே, நான் மறக்கலை. அங்க யுனிவர்சிட்டி ரெக்டரா இருந்த பெர்னார் ராந்தியேங்கறவரு நம்மாளு மாதிரியே யோசிச்சிருக்காரு. 2007-ல கொள்கை, மறுவருஷம் ஓர்பின்னு களஞ்சியம். அவர் யாரையும் திட்டலை, ஊக்குவிக்கவும் இல்லை. பதவி உயர்வுக்கு உங்க கட்டுரைப் பட்டியலை நான் அந்தக் களஞ்சியத்துல இருந்துதான் எடுப்பேன், அதுல இல்லாத கட்டுரை எனக்குத் தெரியாதுன்னுட்டாரு. சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு ஓடி வந்து ஏத்தியிருப்பாங்க. நம்ம நாட்டுலயும் இல்லாமலா? ரூர்கேலா என்.ஐ.டி. 2006-லயே கட்டாயம்னு எழுதிட்டாங்க. அங்க எழுத முடிஞ்ச வார்த்தை, உங்க பெங்களூரு வந்தா மட்டும் ஏன் நாக்குல ஒட்டிக்குது?

பெங்களூருல ஆளுங்களுக்குத் தெரியாமலும் இல்லை. ஐ.ஐ.எஸ்.சி.யைத்தான் சொல்றேன். பழைய ஆளுங்க இன்னும் அதை டாட்டா இன்ஸ்டிட்யூட்னுதான் சொல்லுவாங்க. அங்க 2002-லயே ஈபிரிண்ட்ஸ் களஞ்சியத்தைத் தொறந்துட்டாங்க, நாட்டுக்கே முதல்ல. இங்கிலாந்துல சவுத்தாம்டன் யுனிவர்சிட்டிக்காரங்க எழுதி ஓசியா விட்ட மென்பொருள். அதைக் கொண்டாந்து நிறுத்தினவரு டி.பி. ராஜசேகர். 2006 நவம்பர்ல அதே வளாகத்துல பல நாட்டுக்காரங்க கூடி, வளரும் நாடுகளுக்குன்னு ஒரு மாதிரிக் கொள்கையே எழுதினாங்க. பொதுப் பணத்துல செஞ்ச ஆராய்ச்சின்னா களஞ்சியத்துல வெச்சே ஆகணும்னு அதுல இருக்கு. அதாவது கண்ணு, நீங்க வியாழக்கிழமை எழுதப் போற கொள்கை உங்க ஊருலயே எழுதப்பட்டு இத்தனை வருஷம் ஆச்சு. மல்லேஸ்வரம் பக்கம் ஒரு ஆட்டோ புடிச்சுப் போனா கெடைக்கற சங்கதிக்கு, உங்க கமிட்டி ஏழு உறுப்பினரும் ரெண்டு துணைக் கமிட்டியும் வெச்சிருக்கு. நல்லது. பிஸ்கட் செலவாகட்டும்.

ராஜசேகரைப் பத்தி இன்னொண்ணு. 2005-ல காலமாயிட்டாரு. அந்த மாதிரி 'இவர் இருக்காரு, பாத்துப்பாரு'ன்னு ஒரு ஆளை நம்பி நிக்கற காரியம், அவர் போனதும் படுத்துக்கும். அங்க படுக்கலை. கூட இருந்தவங்க தூக்கிப் பிடிச்சாங்க. வாத்தியாருங்க தானா வந்து போடாததைத் தேடித் தேடிச் சேத்து, இன்னிக்குப் பத்தாயிரக்கணக்குல வளந்து நிக்குது. ஆனா எல்லா ஊருலயும் அப்படி ஆளு அமையாது. உன் காகிதத்துல பன்னிரண்டாம் பக்கம், 'களஞ்சியம் தற்போதுள்ள பணியாளர்களைக் கொண்டு பராமரிக்கப்படும்.' தற்போதுள்ள பணியாளர் யாரு? நீ, அப்பறம் பதினோரு மாசக் கான்ட்ராக்ட்ல ஒரு பொண்ணு. அவளுக்கு வொயிட்ஃபீல்டுல இதைவிட நல்ல வேலை கெடச்சா, சர்வரோட பாஸ்வேர்டு அவ கூடவே கே.ஆர்.புரம் மெட்ரோ ஏறிப் போயிடும். மென்பொருளு ஓசிதான். ஈபிரிண்ட்ஸ் ஓசி, அமெரிக்காக்காரன் குடுத்த டிஸ்பேஸும் ஓசி. அதைப் பாத்துக்கற ஆளு ஓசி இல்லை. நிதி அதிகாரிக்கு இந்த வித்தியாசம் புரியாது. அவருக்குப் புரியக் கூடாதுன்னா, அந்த வரியை அப்படியே வை.

இப்போ காப்புரிமைப் பக்கத்துக்கு வரேன். இங்கதான் உங்க கமிட்டி மூணு மாசம் மூழ்கிக் கெடந்ததுன்னு சொன்னே. ஒரு புரொபசர் 'பதிப்பாளர் கேஸு போட்டா யாரு ஜவாப்பு'ன்னு கேட்டதும் எல்லாரும் தண்ணி குடிச்சாங்களாமே. கேள்வி நல்ல கேள்விதான். ஆனா அதுக்குப் பதில் இருக்கு, பயந்தவங்களுக்கு அது தேவைப்படலை.

நீ எனக்கு வெளக்கினதை நானே உனக்குத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாரு. ஒரு கட்டுரைக்கு மூணு அவதாரம். வாத்தியாரு எழுதி அனுப்பறது முதல்ல. நாலு பேரு படிச்சுக் குத்தம் சொல்லி, திருத்தி, ஏத்துக்கிட்டோம்னு கடுதாசி வந்ததும் கையில இருக்கறது ரெண்டாவது. பதிப்பாளர் அச்சுக் கோத்து, லோகோ போட்டு விக்கறது மூணாவது. அந்த மூணாவதை எடுத்துப் போட்டாத்தான் சண்டை. ரெண்டாவதை, ஆறு மாசமோ ஒரு வருஷமோ பொறுத்துப் போட்டுக்கோன்னு பல பதிப்பாளருங்க அவங்களே விட்டிருக்காங்க. எந்தப் பத்திரிகை எதை விடுதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி ஷெர்பா ரோமியோன்னு பேரு இருந்த ஒரு இடமும் இருக்கு. அப்பறம் என்ன தடை?

தடை என்னன்னா, அந்த ரெண்டாவது யாருகிட்டயும் இல்லை! ஏத்துக்கிட்டோம்னு மெயில் வந்த அன்னிக்கு சந்தோஷத்துல மைசூர்பாக் வாங்கித் தின்னுட்டு, ஃபைலை அப்படியே விட்டுடறாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு நீ போய்க் கேட்டா, 'அது அந்தப் பையன் லேப்டாப்புல இருந்துச்சும்மா, அவன் இப்போ டெக்சாஸ்ல இருக்கான்'ங்கறாரு. அதனாலதான் 2014 டிசம்பர்ல மத்திய சர்க்காரோட உயிரித் தொழில்நுட்பத் துறையும் (டி.பி.டி.) அறிவியல் தொழில்நுட்பத் துறையும் (டி.எஸ்.டி.) சேந்து போட்ட கொள்கையில, பத்திரிகை ஏத்துக்கிட்ட ரெண்டு வாரத்துக்குள்ள அந்தப் பிரதியைப் போடுன்னு எழுதினாங்க. உடனே காட்டக் கூடாதுன்னு பதிப்பாளர் நாள் கேக்கறாருன்னா பூட்டி வை, நாள் முடிஞ்சதும் தொற. உள்ளே வர்றது அன்னிக்கே வரணும். வெளியே காட்டறது எப்போங்கறது வேற சங்கதி. இந்த ரெண்டையும் பிரிச்சா பாதிச் சண்டை தீந்துது. உங்க கமிட்டி ரெண்டையும் ஒரே வாக்கியத்துல போட்டு முடிச்சுப் போட்டிருக்கு. அந்த முடிச்சை அவுக்க இன்னொரு கமிட்டி வேணும்.

டி.பி.டி. கொள்கையும் முழுசா நடந்துடுச்சான்னு என்னைக் கேக்காதே. அடுத்த நிதிக்கு விண்ணப்பிக்கறப்போ களஞ்சியத்துல போட்ட நம்பரைக் குறிச்சுக் காட்டணும்னெல்லாம் எழுதினாங்க. நல்லாத்தான் எழுதினாங்க. மேசையில உக்காந்து அந்த நம்பரைச் சரிபாக்கற ஆளு யாருன்னுதான் கர்ணம் கேப்பான்.

ஹார்வர்டுக்காரங்க இன்னும் கெட்டிக்காரங்க. 2008-ல அங்க வாத்தியாருங்களே கை தூக்கி, எங்க கட்டுரையை வெளியிடற உரிமையில ஒரு பங்கு முதல்லயே யுனிவர்சிட்டிக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. வேண்டாம்னா ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியா விலக்குக் கேட்டு வாங்கிக்கலாம். நிலத்தை விக்கறதுக்கு முன்னாடி நடைபாதைப் பாத்தியதையை எழுதி வெச்சுட்டு அப்பறம் கிரயம் பண்றது மாதிரி. வாங்கறவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அந்தப் பாதையில நாம நடக்கலாம். நம்ம பக்கம் வழக்கம் என்ன? பத்திரிகைக்காரன் நீட்டற தாளுல கண்ணை மூடிட்டுக் கையெழுத்து. மொத்தத்தையும் எழுதிக் கொடுத்துட்டு, என் கட்டுரையை என் பசங்களுக்கு ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கலாமான்னு அப்பறம் வக்கீலைக் கேக்கறது.

ஏழாம் பக்கத்துல பூட்டைப் பத்தி ஒரு பத்தி. துறைத் தலைவரு கேட்டா எந்த தீசிஸையும், எவ்வளவு காலத்துக்கும் மூடி வெக்கலாம். காப்புரிமம் வாங்கப் போற கண்டுபிடிப்புன்னா மூடு, நியாயம். முன்கூட்டி வெளியிட்டா அது புதுசுங்கற பேரே போயிடும். தேதி போட்டு மூடு. மத்தவங்க எதுக்கு மூடச் சொல்றாங்க? 'வெளியே விட்டா திருடிடுவாங்க மேடம்'னு ஒருத்தரு சொன்னாருன்னியே. கண்ணு, பூட்டின பீரோவுக்குள்ள இருக்கறதைத்தான் சுலபமா எடுக்கலாம், எடுத்தது யாருக்கும் தெரியாது. நாலு தெருவு கூடற இடத்துல வெச்சதை எடுத்தா, யாருது, எப்போ வெச்சதுன்னு ஊரே சொல்லும். அவரு பயம் வேற. 2018-ல யு.ஜி.சி. திருட்டெழுத்துக்கு விதி போட்டுச்சே, பத்து சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா பரவாயில்லை, அதுக்கு மேல போனா திருத்தணும், அறுபதைத் தாண்டினா பதிவே ரத்துன்னு. தொறந்து வெச்சா எவனாவது மென்பொருள்ல போட்டுப் பாத்துடுவானேன்னு சில பேருக்குத் தூக்கம் வரலை. இதை நீ கூட்டத்துல சொல்லாதே. சொன்னா, அதுக்கு ஒரு துணைக் கமிட்டி அமைச்சு அவரையே தலைவராக்கிடுவாங்க.

உள்ளே வந்ததைத் தேடினா கெடைக்கணுமே, அந்தப் பக்கம் ஒருத்தரும் போகலை. எங்க கணக்குல முனியப்பன்னு பேரு வெச்சவங்களே ஒரு கூட்டம் இருந்தாங்க. தகப்பன் பேரைப் போடாம பட்டா எழுதினா, ஒருத்தன் நெலத்துல இன்னொருத்தன் ஏர் ஓட்டுவான். உங்க வாத்தியாருங்க பேரும் அதே கதிதான். இனிஷியல் முன்னாடி ஒரு கட்டுரையில, பின்னாடி இன்னொண்ணுல. கல்யாணத்துக்கு அப்பறம் மூணாவதுல புருஷன் பேரு. ஹாசன் பக்கத்துக்காரரு ஊர் பேரு, தகப்பன் பேரு, தன் பேருன்னு மூணையும் வெச்சிருப்பாரு. அமெரிக்காக் கம்ப்யூட்டர் அதுல எதையாவது ஒண்ணைக் குடும்பப் பேருன்னு புடிச்சுக்கும். ஒரே மனுஷன் மூணு பேராப் பிரிஞ்சு கெடப்பாரு. 2012-ல இருந்து ஆர்கிட்னு ஆளுக்கு ஒரு நம்பரு குடுக்கறாங்க, ஓசிதான். சேரும்போதே அதைக் கேட்டு வாங்குங்கன்னு கொள்கையில ஒரு வரி போதும். அதுக்கு இடம் இல்லை. 'அறிவுசார் சூழல்மண்டலம்' மட்டும் நாலு எடத்துல வருது.

கன்னட தீசிஸு கதை அதைவிட வேடிக்கை. போன மாசம் நீ வீட்டுல தொறந்து காட்டினியே, நாட்டுப்புறப் பாட்டு பத்தின ஒண்ணு. அச்சடிச்ச தாளுல முத்து முத்தா கன்னட எழுத்து. அதையே கம்ப்யூட்டர்ல நகல் எடுத்து ஒட்டினா, எச்சில் துப்பின மாதிரி இங்கிலீஷ் எழுத்தும் கொம்பும் கோடும். பழைய நுடி எழுத்துருல அடிச்சதாம், யூனிகோடு இல்லையாம். கண்ணுக்குத் தெரியும், தேடினா கெடைக்காது. கர்நாடகத்துல உக்காந்துட்டு கன்னட தீசிஸைக் கன்னடத்துல தேடி எடுக்க முடியலைன்னா, அதை ஏத்தினா என்ன, ஏத்தாட்டி என்ன? நம்ம தமிழ்ப் பக்கமும் பாமினியில அடிச்சுக் குவிச்சது மலையா கெடக்கு, நான் பெருமை பேச வரலை. பி.டி.எஃப். கொடுன்னு எழுதியிருக்கீங்க. யூனிகோடுல அடிச்சுக் கொடுன்னு சேத்து எழுதணும். பழசை மாத்தறதுக்குக் கொஞ்சம் காசும் ஒதுக்கணும். இதுல இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட்டுக்காரரு கொட்டாவி விடுவாரு. விடட்டும். நீ மட்டும் விட்டுடாதே.

காசுன்னதும் ஞாபகம் வருது. 2024 நவம்பர்ல டில்லியில மந்திரிசபை ஒரே நாடு ஒரே சந்தான்னு ஒண்ணுக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி. முப்பது பதிப்பாளருங்களோட கிட்டத்தட்ட 13,000 பத்திரிகையை 6,300 நிறுவனத்துப் பசங்களும் வாத்தியாருங்களும் படிக்கலாம். படிக்கட்டும், கிராமத்துக் காலேஜுப் பையனும் படிக்கட்டும், எனக்குச் சந்தோஷம். ஆனா முதல் கட்டத்துல அது சர்க்கார் நிறுவனங்களுக்குத்தான், உங்களை மாதிரி தனியாருக்கு இல்லை. அதாவது, நம்ம வரிப்பணத்துல ஆராய்ச்சி, அதை எழுதினவரு சம்பளம் நம்மது, சரிபாத்தவரு இனாமாப் பாத்துக் கொடுத்தாரு. அச்சுக்காரன்கிட்ட கொடுத்துட்டு, அதைப் படிக்க மறுபடியும் அவனுக்கே கட்டணம். அப்பவும் உங்க பசங்க வாசல்ல நிக்கறாங்க. இந்த 6,000 கோடிக்குப் பக்கத்துல வெச்சு, உங்க பன்னிரண்டாம் பக்கத்துத் 'தற்போதுள்ள பணியாளர்'ங்கறதை நிதி அதிகாரிக்குப் படிச்சுக் காட்டு. முகத்தை மட்டும் சாதுவா வெச்சுக்கோ.

இப்படிப் படிக்கறவனை வாசல்ல நிறுத்தறது பிடிக்காத சீர்காழிக்காரரு ஒருத்தரு இருந்தாரு, எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாரு. 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு வந்தவரு, நூலகத்துக்கு அஞ்சு விதின்னு 1931-ல புத்தகம் எழுதினாரு. முதல் விதியோட சாரம், புத்தகம் இருக்கறது எடுத்துப் படிக்கறதுக்கு, பத்திரப்படுத்தறதுக்கு இல்லைன்னு. ஒரு காலத்துல ஐரோப்பாவுல புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வெச்சதைச் சொல்லித்தான் அந்த விதியையே தொடங்குவாரு. அவரு கடைசிக் காலத்துல எங்க இருந்தாரு? இதே பெங்களூருல. 1962-ல இங்கதான் டி.ஆர்.டி.சி.ங்கற ஆவண ஆராய்ச்சி, பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினாரு, 1972-ல இங்கதான் கண்ணை மூடினாரு. அந்தப் பள்ளி இன்னிக்கும் மைசூரு ரோட்டுல இந்தியப் புள்ளியியல் கழக (ஐ.எஸ்.ஐ.) வளாகத்துல நடக்குது. உங்க கமிட்டி அறையில அவர் படம் மாட்டியிருக்குன்னு சொன்னே. படத்துக்குக் கீழே உக்காந்து ஏழாம் பக்கத்துப் பூட்டை எழுதினீங்களா, இல்லை, படத்தைத் திருப்பி வெச்சுட்டு எழுதினீங்களா?

சரி, நையாண்டி போதும், உன் மூஞ்சி வாடறது. என்ன செய்யலாம்னு கேக்கறே.

உங்களுக்கு ஜமாபந்தி ஏற்கெனவே இருக்கு கண்ணு, நீங்கதான் அதுல கணக்கை விரிக்கறதில்லை. தரச்சான்று குடுக்கற நாக் குழு வருதுன்னா என்ன கூத்து நடக்குது? நாக்கோட தலைமை ஆபீஸே நாகர்பாவியில, உங்க யுனிவர்சிட்டிக்கு எட்டற தூரத்துலதான். அவங்க வர்றாங்கன்னா உன் லைப்ரரிப் பசங்க ராத்திரி பகலா வாத்தியாருங்க வீட்டு வாசல்ல நின்னு, கட்டுரையோட முதல் பக்கத்தை நகல் எடுத்து, முத்திரை குத்தி, பாக்ஸ் ஃபைல்ல அடுக்கறாங்க. நாக் போனதும் அந்த ஃபைலு மாடிப்படிக்குக் கீழே போயிடுது. அடுத்த தடவை மறுபடியும் அதே முதல் பக்கம், அதே முத்திரை. அந்த வேலையையே ஒரு தடவை களஞ்சியத்துல செஞ்சுட்டா, நாக்குக்கும் அதுல இருந்து, ரேங்கிங்குக்கும் அதுல இருந்து, வருஷாந்திர மதிப்பீட்டுக்கும் பதவி உயர்வுக்கும் அதுல இருந்து. 'ஊக்குவிக்கப்படுகிறார்கள்'ங்கறதை அடிச்சுட்டு இதை எழுது: பதவி உயர்வு விண்ணப்பத்துல கட்டுரைப் பட்டியலைத் தனியா இணைக்க வேண்டியதில்லை, களஞ்சியத்துல இருந்தே எடுத்துக்கப்படும். பாரு, கட்டாயம்னு ஒரு எழுத்து இல்லை. வேலையைக் குறைச்ச மாதிரிதான் இருக்கு. எதிர்க்கறதுக்கு எவனுக்கும் பிடி கெடைக்காது. ஜூன் மாசம் விண்ணப்பம் போடறப்போதான் சுருக்குங்கும்.

வாத்தியாருங்களை உக்காந்து டைப் அடிக்கச் சொல்லாதே. முப்பது கட்டம் உள்ள படிவத்தை நீட்டினா, முதல் கட்டத்துலயே அவங்களுக்கு இடுப்பு வலி வந்துடும். ஏத்துக்கிட்ட பிரதியை ஒரு மெயில்ல அனுப்பினா போதும்னு எழுது. மிச்சத்தை உன் ஆளு நிரப்பட்டும். அதுக்கு ஒரு நிரந்தர வேலை கேளு. ரெண்டு கேட்டா ஒண்ணு கெடைக்கும்.

வியாழக்கிழமைக்கு முன்னாடி இன்னொரு காரியம். உங்க துணைவேந்தர் சின்ன வயசுல எழுதின கட்டுரைங்களைத் தேடிப் புடிச்சு, உரிமை பாத்து, முதல்ல அதை ஏத்திடு. மூடி வெக்க வேண்டியது இருந்தா மூடியே வை. ஈபிரிண்ட்ஸ்ல 'பிரதி வேணும்'னு ஒரு பொத்தான் இருக்கே, படிக்கறவங்க அதை அழுத்தினா எழுதினவருக்கு மெயில் போகுமே. எத்தியோப்பியாவுல இருந்தோ வியட்நாம்ல இருந்தோ ஒரு பையன் 'ஐயா, உங்க கட்டுரை வேணும்'னு அவருக்கு ஒரு மெயில் போட்டுட்டா போதும். இத்தனை வருஷத்துல யாரும் கேக்காத கட்டுரை அது. கூட்டத்துல உனக்குப் பதிலா அவரே பேசுவாரு.

கூட்டம் தொடங்கினதும், மினிட்ஸு யாரு எழுதறதுன்னு ஒருத்தரை ஒருத்தர் பாப்பாங்க. நீ பவ்யமா, நான் எழுதறேன் சார்னு சொல்லு. யாரும் போட்டிக்கு வர மாட்டாங்க. அவங்க ரெண்டு மணி நேரம் பேசினதுல எது தீர்மானம், எது சும்மாப் பேச்சுன்னு அன்னிக்கு ராத்திரி உக்காந்து பிரிக்கப் போறது நீ. மூணாம் பக்கத்து வரியை எங்க எப்படிச் சேக்கணும்னு அப்போ சொல்றேன், எனக்கு ஒரு ஃபில்டர் காபி மட்டும் போட்டு வை.